கோட்டுக்கு வெளியே நின்ற வள்ளம்

ஒரு வள்ளத்தைக் கீறி முடிக்க நாலு வருடம் எடுத்த மனுசி குருநகரில் யசிந்தாவைத் தவிர வேறு ஒருத்தியும் இல்லை. கடதாசியில் கீறினாள் என்றாலும் பரவாயில்லை, அவள் கீறியது கணினித் திரையில். குடாநாட்டில் கரண்ட் நின்று, பல்புகள் எல்லாம் சிலந்திக்கு வீடாகிப்போன காலத்தில் கணினியில் வள்ளம் விடப் புறப்பட்டவளை ஊர் என்னவென்று சொல்லும்? விசரி என்றுதான் சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவளும் இருந்தாள்.

அவளுடைய தகப்பன் மரியரட்ணம் ஒற்றை வள்ளத்தை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். மூத்தவள் யசிந்தா, படிப்பில் கெட்டிக்காரி. எட்டு வருடம் கழித்துப் பிறந்த அடைக்கலநாதனுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே பாகற்காய். மகள் கொழும்புக்குப் போய் ஒரு கொம்பனியின் கணினிப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். மகன் தகப்பனோடு கடலுக்கு இறங்கினான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர்களில் அவளும் ஒருத்தி. கப்பல் தட்டில் அவளோடு ஒரே துவாயைத் தலைக்கு வைத்துப் படுத்து வந்தவள் இணுவில் குணலட்சுமி, வேலைத்தலத்திலும் பக்கத்துக் கதிரைக்காரி. குணலட்சுமி பிறகு கனடாவுக்குப் போய்விட்டாள். யசிந்தா போகவில்லை. தகப்பன் பாயில் விழுந்துவிட்டார். அவர் கண்மூடிய பின் தம்பிக்கு ஒரு நல்லது கெட்டது பார்க்க வேண்டியிருந்தது. றோஸைக் கட்டிவைத்தாள். தனக்கென்று கேட்டு வந்தவர்களை, "இஞ்சை குமரி ஒருத்தரும் இல்லை, கிழவிதான் இருக்கிறன்" என்று படலையோடு அனுப்பிவிட்டாள்.

கடற்றொழிலாளர் சங்கத்தில் அவளுக்குக் கணக்கும் கடிதமும் எழுதுகிற லிகிதர் வேலை. வெளிநாட்டுத் தேவாலயம் ஒன்று எண்பத்தொன்பதில் அந்தச் சங்கத்துக்கு நிறத் திரையோடு ஒரு கணினியை அனுப்பியது. அடுத்த வருடம் ஆனியில் கரண்ட் போய்விட்டது. மனிதருக்கே சோறில்லாத ஊரில் கணினிக்கு யார் தீனி போடுவது? சேலைன் போத்தலிலிருந்து நாலு துளி பெற்றோல் விட்டு ஜெனரேற்றரை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். சனிக்கிழமையில் ஒரு மணித்தியாலம். நிவாரணப் பட்டியல் அடித்து முடிந்தபின் தாங்கியில் என்ன மிச்சம் கிடக்கிறதோ அது தீரும்வரைதான் அவளுடைய நேரம். சில சனிக்கிழமை இருபது நிமிடம், சில சனிக்கிழமை ஐந்து. மற்ற ஆறு நாளும் அவளுக்குக் கணினி என்பது ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியும் ஒரு பிடி புளியங்கொட்டையும்தான். புரோகிராமைக் கொப்பியில் எழுதி, தானே கணினியாக மாறி, ஒவ்வொரு வரிக்கும் கொட்டையைக் கட்டம் கட்டமாக நகர்த்திப் பார்ப்பாள்.

தொண்ணூற்றிரண்டில் குணலட்சுமியிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. தடித்த புத்தகம் ஒன்றின் போட்டோப் பிரதியும் இரண்டு பிளாப்பியும். "இனிப் பழைய மாதிரி எழுதி மினைக்கெடாதே. கிளாஸ் என்று ஒன்று வந்திருக்கிறது, படித்துப் பார்" என்று ஒரு துண்டுக் கடிதம்.

யசிந்தா படித்தாள். படிக்கப் படிக்க நெஞ்சு அடித்துக்கொண்டது. அதுவரை அவளுடைய திரையில் ஐந்து வள்ளம் ஓடினால், ஐந்தினதும் இடம், நிறம், வேகம் என்று எல்லா இலக்கமும் ஒரே பறியில் கொட்டிய மீன் மாதிரிக் கிடக்கும். ஒன்றைத் தொடப்போக இன்னொன்று துள்ளும். கிளாஸ் என்பது அச்சு. வள்ளம் என்றால் என்ன, அது என்னென்ன செய்யும் என்று ஒருக்கால் எழுதி வைத்தால் போதும், பிறகு அந்த அச்சில் எத்தனை வள்ளமும் பிழிந்தெடுக்கலாம். ஒவ்வொரு வள்ளமும் தன் இலக்கத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும். 'காட்டு' என்றால் தன்னைத் திரையில் கீறும், 'மறை' என்றால் தன்னை அழித்துக்கொள்ளும், 'நகர்' என்றால் நகரும். கட்டளைகளுக்கு அவள் தமிழிலேயே பெயர் வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்று பார்த்து, 'நகர்' என்ற கட்டளைக்குள் முதலில் 'மறை' என்று எழுத மறந்துபோனாள். வள்ளம் போன இடமெல்லாம் ஒரு வள்ளத்தை விட்டுவிட்டுப் போனது. அடைக்கலநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, என்ரை வள்ளம் ஒண்டுதானே? உதிலை பன்னிரண்டு நிக்குது. மிச்சத்தை வித்துத் தாவன்."

"பகிடியை விட்டிட்டுப் பார். உன்ரை வள்ளம் எங்கை நிக்குதெண்டு இனி இந்தப் பெட்டி சொல்லும்."

அவனுடைய சிரிப்பு நின்றது. "எங்கை நிக்குதெண்டோ? ஐயோ அக்கா, அதை மட்டும் ஒருத்தருக்கும் காட்டிப்போடாதை."

அது அந்தக் கரையின் குணம். மீன் படும் இடத்தை எவனும் சொல்லமாட்டான். கடலில் இடம் பிடிப்பது கரையில் தெரியும் அடையாளங்களை வைத்துத்தான். கோயில் மணிக்கூண்டும் தண்ணீர்த் தாங்கியும் ஒன்றன்பின் ஒன்றாக நேரே தெரிந்தால் ஒரு கோடு. மற்றப் பக்கத்தில் வேறு இரண்டு அடையாளம் நேரே வந்தால் மற்றக் கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் வலை விழும். அந்த நாலு அடையாளமும்தான் ஒருவனுடைய சீவியம். கேட்டால் பொய் சொல்வார்கள், கூச்சநாச்சமில்லாமல். பாவசங்கீர்த்தனத்தில் எல்லாப் பாவத்தையும் கொட்டுகிற மனிதன், அந்த இடத்தை மட்டும் சுவாமியாருக்கும் மாற்றித்தான் சொல்வான். மரியரட்ணம் தெற்கே பிடித்துவிட்டு வந்து மேற்கே நாடியைக் காட்டுவார். அதைப் பொய் என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை, கேட்டவன்தான் மரியாதை தெரியாதவன்.

யசிந்தா சிரித்துக்கொண்டே புத்தகத்தைப் புரட்டினாள். அதற்கும் அதில் வழி இருந்தது. பிரைவேட் என்று ஒரு சொல். அதன் கீழே எழுதிய இலக்கத்தை அந்த வள்ளத்தைத் தவிர வெளியிலிருந்து எவரும் பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது.

"வெள்ளைக்காரனும் எங்கடை ஆக்கள் மாதிரித்தான்ரா," என்றாள். "பார், உன்ரை இடத்தை உன்ரை வள்ளத்துக்குள்ளையே பூட்டிப்போட்டன்."

அவனுக்கு அது நல்லாய்ப் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போய் றோஸுக்கும் சொல்லியிருக்கிறான், அக்காவின் பெட்டிக்கு எங்கடை ஆக்களின் புத்தி என்று.

தொண்ணூற்று நாலு கார்த்திகையில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கரையிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் தொழிலுக்குத் தடை. அன்று காலை ஐந்து வள்ளம் போயிருந்தது. கடற்படையின் ரோந்துப் படகு இரைகிற சத்தம் கேட்டதும் நாலு வள்ளம் கரைக்கு ஓடி வந்துவிட்டது. அடைக்கலநாதனின் இயந்திரம் மண்ணெண்ணெயில் உசும்பவில்லை, உசுப்புகிற பெற்றோல் போத்தலும் காலி. அவனுக்குப் பக்கத்தில் நின்றவர் நீக்கிலாப்பிள்ளை, மரியரட்ணத்தோடு தொழில் செய்த கிழவர். அவர் ஓடிவரும்போது திரும்பிப் பார்த்தாராம், பொடியன் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றானாம். வள்ளத்தோடு சேர்த்து அவனையும் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். றோஸுக்கு அப்போது மூன்று மாதம்.

தையில் சண்டை நின்றது. மாசியில் ஒரு செய்தி வந்தது: பிடிபட்ட மீனவர்களின் முறைப்பாடுகளை விசாரிக்க வெளிநாட்டு அதிகாரி ஒருவர் வருகிறார், தடைக்கோட்டுக்கு உள்ளே வைத்துப் பிடிபட்டவர்களை விடுதலைப் பட்டியலில் சேர்ப்பார், வெளியே என்றால் சேர்க்கமாட்டார். தம்பி வீட்டுக்கு வருவதும் வராததும் அந்த ஒரு கோட்டில் தொங்கியது.

"உள்ளுக்கைதான் நிண்டவரெண்டு நீக்கிலாப்பிள்ளை அம்மான் சத்தியம் பண்ணினாக் காணாதே, மச்சாள்?" என்று றோஸ் கேட்டாள்.

காணும். அதுவே போதும். இந்த இடத்தில்தான் யசிந்தாவின்மேல் கோபம் கோபமாக வரும். நாலு வருடம் புளியங்கொட்டை நகர்த்தியவளுக்கு, கடைசியில் தன் பெட்டிக்கும் ஒரு வேலை வந்துவிட்டதே என்ற சந்தோசப் புளுகம்.

"ஏழைக் கிழவன்ரை சத்தியத்தை ஆர் நம்புவினம், றோஸ்? திரையிலை கண்டா நம்புவினம்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சங்க மண்டபத்தில் வைத்து வாக்குமூலம் எழுதினாள். புதினம் பார்க்க ஊரே சுற்றி நின்றது.

"அம்மான், தம்பி பிடிபடேக்கை என்ன அடையாளம் கண்டனீங்கள்?"

நீக்கிலாப்பிள்ளை சுற்றிவர நின்றவர்களை ஒருதரம் பார்த்தார். வெற்றிலையை ஒரு கொடுப்பிலிருந்து மற்றக் கொடுப்புக்கு மாற்றினார்.

"மணிக்கூண்டும் தண்ணித் தாங்கியும் ஒரு நேர். மற்றப் பக்கம்... துறை விளக்குக் கம்பமும் ஒற்றைப் பனையும்."

வயது போன மனிதர், நினைவு மெல்லத்தான் வரும் என்று எண்ணி அவள் எழுதிக்கொண்டாள். அன்றைக்கே கொப்பியில் போட்டுப் பார்த்தாள். ஒரு கட்டத்தின் நீளம் இருநூற்றைம்பது யார் தூரம். புளியங்கொட்டை தடைக்கோட்டின் மேலேயே குந்தியது, பாதி உள்ளே, பாதி வெளியே. உள்ளேதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். திரையில் ஓட்டிப் பார்த்திருக்கலாம்தான், ஆனால் சங்கத்தில் கிடந்தது இரண்டே போத்தல் மண்ணெண்ணெய். அதை அதிகாரி வரும் நாளுக்கென்று தலைவர் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

பங்குனியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். வெயிலில் கழுத்துச் சிவந்த, தன்மையான மனிதர். சாட்சி உள்ளே இருக்கக்கூடாது என்று சொன்னதால் நீக்கிலாப்பிள்ளை வெளியே வேப்பமரத்தடியில் குந்தினார். றோஸ் தன் பெரிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலைக் கதிரையில் இருந்தாள். ஜெனரேற்றர் இருமி இருமிப் பிடித்தது. திரையில் பச்சையாகக் கரை வந்தது. மணிக்கூண்டும் தாங்கியும் விளக்குக் கம்பமும் பனையும் புள்ளிகளாக வந்தன. தடைக்கோடு சிவப்பாக ஓடியது. பிறகு ஐந்து வள்ளமும் ஒவ்வொன்றாக வந்து நின்றன, நாலு வெள்ளை, ஒன்று மஞ்சள். நாலு வருடத்தில் ஒருநாளும் இவ்வளவு சுத்தமாக அவை வந்து நின்றதில்லை. ஒரு கணம் யசிந்தாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

மஞ்சள் வள்ளம் சிவப்புக் கோட்டுக்கு வெளியே நின்றது.

எத்தனை யார் தூரம் வெளியே என்று அதிகாரி கேட்டார். 'தூரம்' என்று அவள் எழுதி வைத்த கட்டளையைக் கொடுத்தாள். நூற்றிருபது என்று வள்ளம் சொன்னது.

"மச்சாள்," றோஸ் எழும்பி வந்துவிட்டாள். "அது ஏன் சிவப்புக்கு அங்காலை நிக்குது?"

யசிந்தா 'தூரம்' என்று திரும்பவும் கொடுத்தாள், அதே நூற்றிருபது.

"உள்ளுக்கை தள்ளு, மச்சாள். ஒரு இலக்கந்தானே? இந்த மனுசனுக்குத் தமிழும் தெரியாது, ஒண்டும் தெரியாது. உன்னைக் கும்பிட்டன், தள்ளு."

தள்ளியிருக்கலாம். பிரைவேட் என்ற பூட்டு மற்றவர்களுக்குத்தானே, அச்சை எழுதியவளுக்கு இல்லையே. ஒரு சொல்லை அழித்து ஓர் இலக்கத்தைப் போட அரை நிமிடம் காணும். அவளுடைய விரல் விசையின்மேல் இருந்தது. ஆனால் வள்ளம் நிற்கும் இடத்தை வள்ளந்தான் சொல்லவேண்டும், நான் தொடக்கூடாது என்றுதானே இவ்வளவு காலமும் அந்த அச்சை எழுதினாள்? கையால் தள்ளுகிற வள்ளத்துக்கு இந்தப் பெட்டி எதற்கு?

"இந்தக் களவு பிடிபட்டால் இந்தக் கரையிலை மற்ற ஆக்களின்ரை கேசையும் ஒருத்தரும் நம்பாயினம், றோஸ்," என்றாள். சொல்லும்போது அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை.

அதிகாரி நல்லவர். சாட்சி தவறுதலாகச் சொல்லியிருக்கலாம், இன்னொரு முறை போய்க் கேளுங்கள் என்றார். ஒன்று மட்டும்: திரையில் என்ன தெரிகிறது என்று சாட்சிக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த வாக்குமூலம் செல்லாது.

யசிந்தா மரத்தடிக்குப் போனாள். அதிகாரி வாசலில் நின்று பார்த்தார். சாரதியும் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேரும் மதிலில் சாய்ந்து நின்றார்கள்.

"அம்மான், அடையாளத்தை இன்னொருக்கால் சொல்லுங்கோ. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஏன் பிள்ளை? ஏதும் பிழையோ?"

ஒரு சொல் காணும். ஒரு கண்சிமிட்டல் காணும். கடவுளே, அந்த மனுசி அப்போதாவது கொஞ்சம் கள்ளத்தனம் செய்திருக்கக்கூடாதா?

"ஒண்டுமில்லை. திருப்பிக் கேக்கச் சொன்னவை."

கிழவர் மதிலடியில் நின்றவர்களைப் பார்த்தார். "நான் சொன்னது சொன்னதுதான். விளக்குக் கம்பம், ஒற்றைப் பனை. அந்தோனியாராணை."

அதிகாரி எழுதிக்கொண்டார். உங்கள் நேர்மைக்கு நன்றி என்று யசிந்தாவின் கையைக் குலுக்கினார். வாகனம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது, மதிலடியில் நின்றவர்களும் கலைந்து போனார்கள்.

நீக்கிலாப்பிள்ளை சாரத்தைத் தட்டிக்கொண்டு எழும்பி வந்தார். "என்னவாம் பிள்ளை? பொடியனை விடுவினமாமோ?"

"வெளியாலை நிண்டவனாம், அம்மான். நூற்றிருபது யார். பட்டியல்லை சேர்க்கேலாதாம்."

"எந்த நாய் சொன்னது?" கிழவர் சீறினார். "பொடியன் உள்ளுக்கைதான் நிண்டவன்! நான் என்ரை கண்ணாலை கண்டனான்!"

"நீங்கள் சொன்ன அடையாளந்தான் சொல்லுது."

கிழவரின் வாய் திறந்தபடி நின்றது. வெற்றிலைச் சாறு நாடியில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

"பனை இல்லைப் பிள்ளை," என்றார். "சவக்காலைச் சிலுவை. விளக்குக் கம்பத்துக்கு நேரை சவக்காலைச் சிலுவை. அது அவன்ரை இடம், உன்ரை கொப்பர் அவனுக்குக் காட்டிக்குடுத்த இடம். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் எப்பிடி மெய்யைச் சொல்லுறது? அவன் திரும்பி வரேக்கை அவன்ரை இடம் அவனுக்கு இருக்கவேண்டாமோ?"

யசிந்தா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். கிழவரில் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் தன்மேல்தான். தெற்கே பிடித்துவிட்டு மேற்கே நாடியைக் காட்டுகிற தகப்பனின் மடியில் வளர்ந்தவள் அவள். அந்தக் குணத்தைத் தன் கையாலேயே அச்சுக்குள் எழுதிப் பூட்டியவள். அப்படிப்பட்டவள், ஊர் கூடி நிற்க ஒருவனிடம் இடத்தைக் கேட்டால் மெய் வரும் என்று நம்பிவிட்டாளே! றோஸ் சொன்னதைக் கேட்டு அந்த வள்ளத்தைக் கையால் தள்ளியிருந்தால், அந்தக் களவுதான் உண்மையாக இருந்திருக்கும். "ஐயோ, நானெல்லோ அவனைக் குடுத்திட்டன்," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சைக்கிளை எடுத்து வெறுங்காலோடு மிதித்து அதிகாரி தங்கியிருந்த இடத்துக்கு ஓடினாள். அவர் நேரே கப்பலுக்குப் போய்விட்டார் என்றார்கள். திரும்பி வந்தபோது நடுமத்தியானம். தாங்கியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தது. பனையை எடுத்துவிட்டுச் சிலுவையைப் போட்டாள். மஞ்சள் வள்ளம் சிவப்புக் கோட்டுக்கு உள்ளே, தொண்ணூறு யார் உள்ளே, வந்து நின்றது.

றோஸ் திரைக்குக் கிட்டப் போய் ஒரு விரலால் அதைத் தொட்டாள்.

"ஓம்," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "உதுதான் அவன்ரை இடம்." சொன்னவர் உடனே வாசலைத் திரும்பிப் பார்த்தார். "காணும் பிள்ளை, நிப்பாட்டு. ஆரும் வந்தாலும்."

யசிந்தா 'மறை' என்று கொடுத்தாள்.

திருத்திய வாக்குமூலத்தோடு மூன்று கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. பட்டியலில் இருந்தவர்களில் சிலர் வீடு வந்து சேர்ந்தார்கள். சித்திரையில் சண்டை திரும்பவும் தொடங்கியது, அதோடு கேட்பதற்கும் ஆள் இல்லாமல் போனது. வைகாசியில் றோஸுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஐப்பசி முடிவில் குருநகரும் சேர்ந்து வலிகாமம் முழுவதும் மழையில் இடம்பெயர்ந்தபோது, யசிந்தா அந்தப் பிளாப்பியையும் கொப்பியையும் ஒரு பிஸ்கற் பேணிக்குள் வைத்துப் பிடவையால் சுற்றிக்கொண்டு றோஸோடு நடந்தாள். நீக்கிலாப்பிள்ளை நாவற்குழி வரை கூட வந்தார். அங்கே தெருவோரத்தில் குந்தியவர் எழும்பவில்லை.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறையில் பதினொரு குடும்பம். பக்கத்துப் பாயில் அவர்களின் கரையைச் சேர்ந்த ஒரு தொழிலாளி இருந்தான். நல்ல மனிதன், பிள்ளைக்குப் பால்மா தேடிக்கொண்டு வந்து கொடுத்தவன். ஒருநாள் பின்னேரம் கதையோடு கதையாகக் கேட்டான்.

"அக்கா, குறை நினையாதையுங்கோ. எப்பவோ ஒருநாள் திரும்பிப் போவந்தானே. உங்கடை தம்பி எப்பவும் நிறைய மீனோடைதான் வாறவன். எங்கை வலை போட்டவன்? உங்களுக்குத் தெரியுமாமே?"

றோஸ் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

யசிந்தா மேற்கே நாடியைக் காட்டினாள். "மணிக்கூண்டும் தண்ணித் தாங்கியும் ஒரு நேர்," என்றாள். "மற்றப் பக்கம் துறை விளக்குக் கம்பமும் ஒற்றைப் பனையும்."